காட்டில் தீ வைத்தவர்

வரைபடத்தைப் பார்க்கிறவர்கள் முதலில் தேடுவது சொந்த ஊரைத்தான். இந்தியா முழுவதற்கும் காட்டுத்தீ அபாயம் எங்கெங்கே எவ்வளவு என்று ஐந்து நிறங்களில் காட்டும் படம் அன்று முதல்முறையாக ஹைதராபாத் ஹப்சிகுடா அலுவலகத்தின் சுவர்த்திரையில் வந்திருந்தது. கணக்குப் பிரிவுப் பெண் கம்மம் பக்கம் பெரிதாக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, பச்சைதான் என்று நிம்மதியாகச் சாப்பிடப் போனாள். காவலாளி ஸ்ரீகாகுளத்தைக் கேட்டார். நாட்டுக்கே புத்தி சொல்லப் போகிற படத்தில் ஆளுக்கு ஆள் தன் வீட்டுக் கூரையைத் தேடினால் எப்படி என்று சுபாஸ்ரீக்குச் சிரிப்பாக இருந்தது. ஆனால் அவளும் காலையில் யாரும் வருவதற்கு முன்னால் செகந்திராபாத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருந்தாள். அங்கே காடே இல்லை. வெறும் சாம்பல் நிறம்.

தியாகு வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கொங்குப் பக்கத்து மலையடிவாரத்துப் பையன், மென்பொருள் எழுதுகிறவன், சாப்பாட்டு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே நின்று சாப்பிடுகிற வழக்கம் உள்ளவன். அவன் தன் ஊரைக் கண்டுபிடித்ததும் டப்பாவோடு திரைக்கு அருகில் போய்விட்டான். ஊரைச் சுற்றி அடர் சிவப்பு. ஐந்து நிறங்களில் அதுதான் கடைசி, அபாயத்தின் உச்சம்.

"மேடம், எங்கூருக்கே தீ வெச்சுட்டீங்களே!"

"நக்கோ பா, என்னைச் சொல்லாதே. உங்க ஊர்க்காரங்களைச் சொல்லு. எவ்ளோ கஷ்டப்பட்டு வெரிஃபை பண்ண ஏரியா தெரியுமா அது."

அவள் பெருமையாகத்தான் சொன்னாள். பெருமைப்பட அவளுக்குக் காரணம் இருந்தது. செயற்கைக்கோள் மேலிருந்து சூடான இடத்தைப் பார்த்தால் அங்கே ஒரு புள்ளி வைக்கும். அது எரிகிற மரமா, எரிகிற சோளத்தட்டையா, செங்கல் சூளையா என்று அதற்குத் தெரியாது. நடுக்காட்டில் விழுந்த புள்ளியிலும் நடுவயலில் விழுந்த புள்ளியிலும் தகராறு இல்லை. காடும் நிலமும் ஒட்டுகிற ஓரத்தில் விழுகிறவைதான் தலைவலி. அவற்றுக்கு அந்தந்த ஊருக்குப் போன் போட்டு, அங்கே என்ன எரிந்தது, யார் வைத்தது என்று கேட்டு, 'வனத்தீ' என்றோ 'பயிர்க்கழிவு' என்றோ பெயர் கொடுக்க வேண்டும். அந்தப் பெயர்களைப் படித்துத்தான் கணினி நாட்டின் மற்ற இடங்களுக்கும் நிறம் பூசக் கற்றுக்கொள்ளும். தமிழ்நாட்டுப் புள்ளிகள் சுபாஸ்ரீக்கு வந்தன, ஏனென்றால் போன் போடுகிறவர்களில் அப்போது தமிழ் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவளுடைய கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரப் பட்டாளத்தின் சாமான் கிடங்கில் வேலை பார்க்க செகந்திராபாத் வந்தவர். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் ஒருவரும் தமிழ்நாட்டில் குடியிருந்ததில்லை. கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் போய் வந்ததோடு சரி. ஆனாலும் வீட்டுக்குள் தமிழ்தான். அம்மா கல்பகம் அதை ஒரு சட்டமாகவே வைத்திருந்தாள். 'நாலு தலைமுறையா இங்க இருக்கோம், ஒரு வார்த்தை விட்டுக்கொடுத்திருக்கோமா?' என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்பாள். அந்தத் தமிழ் கடைசியில் ஒரு தேசிய வேலைக்குப் பயன்பட்டதில் அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே மிதப்பு.

"இல்லீங் மேடம், வெளையாட்டுக்குச் சொல்லல," என்றான் தியாகு. "இங்கெல்லாம் சோளமும் கடலையும்தான். மலை அந்தாலே தள்ளிக் கெடக்குது. அது பாருங்க, மஞ்சளா இருக்குது. மலை மஞ்சளு, எங்க ஊரு செவப்பா?"

"நானா கலர் அடிச்சேன்? ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணிக் கேட்டது. அவங்க வாயாலயே சொன்னாங்க, 'காட்ல நாந்தான் தீ வெச்சேன்'னு. பத்துல எட்டு பேரு. ஹவ், ஆமாங்கறேன், சத்தியமா! எவ்ளோ தைரியம் பாரு, கொஞ்சம்கூடப் பயமே இல்ல."

தியாகுவுக்குத் தயிர்சாதம் புரையேறிவிட்டது. தலையில் தட்டிக்கொண்டு, தண்ணீர் குடித்து, கண்ணில் வந்த நீரைத் துடைத்த பிறகும் அவனால் சிரிப்பை நிறுத்த முடியவில்லை.

"மேடம், எங்கூர்ல காடுன்னா காடு இல்லீங்க."

"பின்னே?"

"நெலம். கெணத்துத் தண்ணி பாயற நெலம் தோட்டம். மழைய நம்பி வெதைக்கற நெலம் காடு. சோளக்காடு, கடலக்காடு, கொள்ளுக்காடு. எங்கம்மா காலைல எந்திரிச்சா காட்டுக்குத்தான் போவாங்க. புலி புடிக்கவா போறாங்க?"

"அப்போ நிஜக் காட்டை என்ன சொல்வீங்க?"

"மலைம்போம். பாரஸ்டும்போம். வனம்னு கவர்மெண்ட்டுல சொல்லுவாங்க."

சுபாஸ்ரீயும் சிரித்தாள். சிரிப்பு பாதி வழியில் நின்றது. மாசி, பங்குனி முழுக்க அவள் கேட்ட குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தன. காட்ல கட்டைக்குத் தீ வெச்சோமுங்க. காட்டோரம் பொதையா இருந்துச்சு, கொளுத்தி வுட்டோமுங்க. ஒவ்வொரு வருசமும் வெக்கறதுதானுங்களே. எல்லாருக்கும் அவள் ஒரே பெயரைத்தான் கொடுத்தாள்: வனத்தீ, மனிதரால். கூடவே ஆங்கிலத்தில் ஒரு வரிக் குறிப்பும் எழுத வேண்டும்; அது வனத்துறைக்கும் போகும். 'பாரஸ்டில் தானே தீ வைத்ததாக ஒப்புக்கொள்கிறார்' என்று நல்ல ஆங்கிலத்தில், பேரும் ஊரும் சேர்த்து எழுதியிருந்தாள். குறிப்பு இவ்வளவு தெளிவாக எழுதுகிறவர்கள் வேறு யாரும் இல்லை என்று திட்டத் தலைவர் ராகவேந்திரா கூட்டத்தில் எழுந்து நின்று பாராட்டினார். அவள் தன் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டாள்.

ஒருவேளை தியாகுவின் ஊரில் மட்டும் அப்படிப் பேசுவார்களோ என்ற நப்பாசையில்தான், மாசியில் பேசிய வேறொரு ஊர்க்காரர் சந்தானத்துக்குப் போன் போட்டாள். அத்தனை பேரில் அவர் பேர் மறக்காததற்குக் காரணம், அன்று அவர் பேசி முடித்துவிட்டு, இந்தப் பக்கம் வந்தால் பச்சைக்கடலை வேகவைத்துத் தருகிறேன், வீட்டுக்கு வாருங்கள் என்று கூப்பிட்டிருந்ததுதான். முன்பின் தெரியாதவளை, அதுவும் தீ வைத்தது யார் என்று விசாரித்தவளை விருந்துக்குக் கூப்பிடுகிற ஆள்.

"ஐயா, நான் ஹைதராபாத்ல இருந்து சுபாஸ்ரீ பேசறேன். மாசி மாசம் ஒரு தடவை பேசினோமே..."

"அம்மிணீ! நீங்களா!" அந்தப் பக்கம் குரல் தழுதழுத்தது. "அந்த நெம்பருக்கு எத்தன தடவ போன் போட்டேன்னு தெரியுங்களா. எவளோ ஒரு பொம்பள இந்தில பேசிப்போட்டு வெச்சர்றா. நல்லவேளைக்கு நீங்களே கூப்புட்டீங்க."

அலுவலகத்து எண்ணிலிருந்து வெளியே பேசலாம். திருப்பிக் கூப்பிட்டால் பதிவு செய்த குரல்தான் பேசும். "என்ன ஆச்சுங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"பாரஸ்டு ஆபீசுல இருந்து காயிதம் வந்துருக்குதுங்க. நான் வனத்துக்குத் தீ வெச்சுப்போட்டனாமா. நானே ஒத்துக்கிட்டதா ஐதராபாத்துல இருந்து எழுதி வந்துருக்குதுங்கறாங்க. முட்டிவலி வந்த பொறவு நான் மலைப் பக்கமே போனதில்லீங் அம்மிணி. எங்க சோளக்காட்டுல அறுத்த கட்டைக்குத் தீ வெச்சேன், நீங்க கேட்டீங்க, சொன்னேன். மறைக்கறதுக்கு அதுல என்னங்க இருக்குது? இப்ப என்னடான்னா, திங்கக்கெழமைக்குள்ள வந்து ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடோணும், இல்லீன்னா கோர்ட்டுக்கு அனுப்பிருவோம்னு சொல்றாங்க. கையெழுத்துப் போட்டன்னா அப்பறம் எம்பட ஆடுக ஒண்ணுகூட மலையோரம் மேயப்படாதாம். முப்பது உருப்படிய வெச்சுக்கிட்டு நான் எங்கீங்க போறது?"

"நீங்க கையெழுத்துப் போடாதீங்க."

"பண்ணாததைப் பண்ணுனேன்னு எப்படிங்க போடுவேன்? நீங்க ஒண்ணும் எனக்காவப் பொய் சொல்ல வேண்டாம். நான் அன்னிக்கு என்ன சொன்னனோ அதைய அப்படியே அவங்ககிட்டச் சொல்லிப்போடுங்க. அது போதும்."

அவர் சொன்னதை அப்படியே சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். 'காட்ல நாந்தானுங் தீ வெச்சேன்.' அதுதான் அவர் சொன்னது, எழுத்து மாறாமல். அவள் தன் சொந்தக் கைப்பேசி எண்ணைக் கொடுத்து, இதில் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்றாள். அலுவலக விதிப்படி அது தப்பு. அவர் ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுத் திருப்பிச் சொல்லி, 'செவுத்துல கரியில எழுதிக்கோ' என்று பின்னால் யாரிடமோ சொன்னார்.

மறுநாள் காலை அந்த வனத்துறை அலுவலகத்து ரேஞ்சர் உமாசங்கரைப் பிடித்தாள். காடு என்றால் அந்தப் பக்கத்தில் நிலம் என்று அவருக்கு விளக்க வேண்டியிருக்கும் என்று முந்தின இரவெல்லாம் வாக்கியங்களைத் தயார் செய்து வைத்திருந்தாள். அவர் அவளைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

"எனக்குத் தெரியாதா மேடம்? நான் தின்னவேலிக்காரன்தான், ஆனா இங்கன வந்து வருஷக்கணக்காச்சு. அந்தாளு காடுன்னு சொன்னா எதைச் சொல்லுதாருன்னு இங்க சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஆனா உங்க ரிப்போர்ட்ல காடுன்னு எங்க இருக்கு? பாரஸ்ட்னு இங்கிலீஷ்லல்லா இருக்கு. அந்த வாரம் மலையிலயும் தீ பிடிச்சது உண்மை. வச்சவன் யாருன்னு தெரியல. பேரோட, ஊரோட ஒரு ஆளை நீங்க எழுதி அனுப்பியிருக்கீங்க, ஏன் கேஸ் போடலன்னு மேல கேக்காங்க. நான் என்ன சொல்லட்டும்?"

"நான் இப்போ சொல்றேனே சார், அது தப்புன்னு."

"வாயால சொன்னா செல்லாது மேடம். எழுத்துல வந்துச்சுல்லா, எழுத்துலயே திருத்தி அனுப்புங்க. வந்த நிமிஷம் நான் பைலை மூடிருதேன்."

நல்ல மனிதர்தான். அவளுக்கு அவர்மேல் கோபம் வந்தது. கோபப்பட அவளுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. தப்பு செய்ததே அவர்தான் என்பதுபோல 'தாங்க்யூ சார்' என்பதைக்கூட வெடுக்கென்று சொல்லி வைத்தாள்.

ராகவேந்திரா பெங்களூர்க்காரர். கன்னடம் வீட்டில், தமிழ் தெருவில், ஆங்கிலம் பள்ளியில் என்று வளர்ந்தவர். தார்நாகாவில் விஞ்ஞானிகள் குடியிருப்பில் இருக்கிறார். கெட்டவர் இல்லை. சம்பளம் தாமதமானால் தாமே தலைமையகத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். அவள் சொன்னதைக் கேட்டு முதலில் அவரும் நம்பவில்லை. "எங்க கன்னடத்தில கூட காடுன்னா பாரஸ்ட் தானே ஆகுது?" என்றார். பிறகு தியாகுவைக் கூப்பிட்டுக் கேட்டார். அவன் சோளக்காடு, கடலைக்காடு என்று அடுக்க, அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டார். இன்னும் பத்துப் பன்னிரண்டு நாளில் டில்லியில் வெளியீடு. அமைச்சர் வருகிறார். அழைப்பிதழ் அச்சாகிவிட்டது.

"ஒரு பாயிண்ட் திருத்தறது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல, சுபா," என்றார். "ஆனா காரணம் போடணும். நீ என்ன போடுவே?"

திருத்தப் பக்கத்தில் காரணத்துக்கு ஒரு கட்டம் உண்டு. அதில் தேர்ந்தெடுக்க இரண்டு மூன்று வழிகள்தான். 'இடக்குறிப்பில் பிழை' என்று போட்டால் அந்தப் புள்ளி மட்டும் நகர்ந்துவிடும், திருத்தம் அன்றே வனத்துறைக்குப் போய்விடும். 'பேச்சைப் புரிந்துகொண்டதில் பிழை' என்று போட்டால், அதே ஆள் அதே மொழியில் சரிபார்த்த எல்லாப் புள்ளிகளும் ஒருசேர நிறுத்தி வைக்கப்படும். குழு கூடி ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்கும்வரை எதையும் சேர்க்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. இப்படி ஒரு வழி இருக்க வேண்டும் என்று கூட்டத்தில் கேட்டு வாங்கியதே சுபாஸ்ரீதான். பொய்ப் புள்ளி ஒன்று கிடைத்தால் மற்றவற்றையும் சந்தேகப்பட வேண்டும் என்று அன்று அழகாகப் பேசினாள்.

"குழு கூட எத்தனை நாள் ஆகும் சார்?"

"மழைக்காலம் முடியட்டும்னு சொல்வாங்க. நிறுத்தி வெச்ச பாயிண்ட்ல அந்த ஆள் பாயிண்டும்தான் இருக்கும். அவன் கேஸும் அப்படியே நிக்கும். ரேஞ்சர் என்ன பண்ணுவான்? திங்கட்கிழமை கோர்ட்டுக்கு அனுப்புவான்." அவர் குரலை இறக்கினார். "நெஜமான காரணம் போட்டா அந்த ஆளு மாட்டிக்குவான். பொய்க் காரணம் போட்டா வெளில வருவான். நான் உன்னை எதுவும் பண்ணச் சொல்லல. நீயே யோசி. வெளியீடு முடியட்டும், அடுத்த வருஷப் பதிப்புல மெதுவா எல்லாத்தையும் சரி பண்ணிடலாம்."

தியாகு இவ்வளவு நேரமும் கதவோரம் நின்றிருந்தான். "அடுத்த வருசம் வரைக்கும் மலை மஞ்சளாத்தானுங்களே சார் இருக்கும்?" என்று கேட்டான். தீக்காவலுக்கு ஆள் போடுவது இந்த நிறத்தைப் பார்த்துத்தான் என்று அந்த அறையில் மூவருக்கும் தெரியும். ராகவேந்திரா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

வீட்டில் சங்கரிடம் சொன்னாள். அவள் கணவனும் செகந்திராபாத் தமிழன்தான். சனத்நகரில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். நாள் முழுக்க உலை முன்னால் நிற்கிறவனுக்கு வீட்டுக்கு வந்தால் எதுவுமே பெரிய பிரச்சினையாகத் தெரியாது.

"காய்கூ, எதுக்கு டென்ஷன் எடுத்துக்கறே? ஒரு ஆளு மாட்டிக்கிட்டான். அவனை வெளில எடுக்க வழி இருக்கு. எடுத்துடு. பஸ், அவ்ளோதான்."

"மத்தவங்க?"

"மத்தவங்களுக்கு நோட்டீஸ் வந்துச்சுன்னு உன்கிட்ட யாராச்சும் சொன்னாங்களா? இல்லல்ல? வராத நோட்டீசுக்கு நீ ஏன் இப்பவே அழறே?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததுதான் அவளுக்கு எரிச்சலாகவும் இருந்தது. மூன்றாம் வகுப்புப் படிக்கிற ஹர்ஷிதா தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், "காடு அண்டே அடவி கதா அம்மா?" என்று கேட்டாள். தமிழில் எதைக் கேட்டாலும் அந்தக் குழந்தை தெலுங்கில்தான் பேசும். "ஆமாம், அடவிதான்" என்று சங்கர் சொல்லி முடிப்பதற்குள், "இல்ல!" என்று சுபாஸ்ரீ கத்திவிட்டாள். குழந்தை பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தது. அப்பாவும் அம்மாவும் ஒரு சொல்லுக்காக ஏன் முறைத்துக்கொண்டார்கள் என்று அதற்கு என்ன தெரியும்.

அன்று அவளுக்கு வந்தது அழுகையோ பயமோகூட இல்லை, அவமானம். தமிழ் தெரியும் என்று உட்கார வைத்த நாற்காலியில் உட்கார்ந்து, தமிழ் பேசிய மனிதரை மாட்டிவிட்டிருக்கிறாள். இந்தியில் கேட்டு எழுதியிருந்தால்கூட மொழி தெரியாது என்று பழியைத் தள்ளியிருக்கலாம். அவர்கள் அவளை நம்பியதே அந்தத் தமிழுக்காகத்தான். ஐதராபாத்திலிருந்து ஒரு பெண் நம்ம பாஷையில் பேசுகிறாளே என்றுதான் மனம் திறந்து பேசினார்கள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'எந்தக் காடு?' என்று திருப்பிக் கேட்டிருந்தால் போதும். கேட்கத் தோன்றவில்லை. தெரியாத வார்த்தையாக இருந்திருந்தால் கேட்டிருப்பாள். தெரிந்த வார்த்தையாகப் போனதுதான் வினை.

சனிக்கிழமை காலையில் அலுவலகத்தில் கூட்டம் இல்லை. சந்தானத்தின் புள்ளியைத் திறந்து, காரணக் கட்டத்தில் அம்புக்குறியை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டிருந்தாள். உண்மைக் காரணத்தில் ஒருமுறை கொண்டுபோய் நிறுத்தினாள். முப்பது ஆடுகள் நினைவுக்கு வந்தன. மண்டியிட முடியாத முட்டியோடு ஒரு மனிதர் கோர்ட்டு வாசலில் நிற்பது கண்ணில் வந்தது. கூடவே, மறைப்பானேன், வேலை ஒப்பந்தம் செப்டம்பரில் முடிகிறது என்பதும் வந்தது. எது முதலில் வந்தது என்று அவளையே கேட்டாலும் சொல்லத் தெரியாது. 'இடக்குறிப்பில் பிழை' என்பதை அழுத்தினாள். புள்ளி மலைச்சரிவின் ஓரத்திலிருந்து கிழக்கே கொஞ்சம் தள்ளிப்போய் விழுந்தது. பெயர் தானாகவே 'பயிர்க்கழிவு' என்று மாறியது. படத்தில் சிவப்பு கடுகளவும் குறையவில்லை.

பின்னால் வந்து நின்ற தியாகு திரையைப் பார்த்தான். "மத்த புள்ளியெல்லாம், மேடம்?"

"அப்புறம் பாக்கலாம் பா."

அன்று மதியம் அவன் தன் இடத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டான்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஹப்சிகுடா மெட்ரோ நடைமேடையில் வண்டிக்கு நின்றபோது சந்தானம் கூப்பிட்டார். மழை வலுத்துப் பெய்துகொண்டிருந்தது; காதைப் பொத்திக்கொண்டுதான் கேட்க வேண்டியிருந்தது. ரேஞ்சர் பைலை மூடிவிட்டாராம். இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லி ஒரு டீயும் வாங்கிக் கொடுத்தாராம்.

"நான் அப்பவே சொன்னனுங் அம்மிணி, நடந்ததைய அப்படியே சொல்லிப்போட்டாப் போதும்னு. சொல்லிப்போட்டீங்க. பாருங்க, முடிஞ்சுபோச்சு!"

"சரிங்க ஐயா," என்றாள்.

"எங்க ஊருலயும் பக்கத்து ஊருலயும் இன்னும் நாலஞ்சு பேர்த்துக்கு இதே காயிதம் வந்துருக்குதுங்க. வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டுக் கம்முனு இருந்திருக்கறாங்க. நான்தான் சத்தம்போட்டேன். அம்மிணி இருக்குது, சொன்னதைச் சொன்னபடி சொல்லும், கூப்புடுங்கன்னு உங்க நெம்பரை எல்லார்த்துக்கும் குடுத்துருக்கறேன். தப்பு ஒண்ணும் இல்லீங்களே?"

வண்டி வந்து நின்றது. கதவு திறந்தது. பின்னால் வந்தவர்கள் அவளை இடித்துக்கொண்டு ஏறினார்கள். அவள் ஏறவில்லை. தப்பு ஒன்றும் இல்லை என்று அவரிடம் சொன்னாளா என்பதுகூட அவளுக்கு நிச்சயமில்லை. பேசி முடித்து, போனைப் பைக்குள் வைப்பதற்குள் அது மறுபடி அடித்தது. தெரியாத எண்.

"ஐதராபாத்து அம்மிணிங்களா?" ஒரு பெண் குரல், அவள் வயதுதான் இருக்கும். "எம்பேரு வசந்திங்க. சந்தானம் மாமா நெம்பரு குடுத்தாரு. எங்க ஊட்டுக்காரருகிட்டயும் நீங்க பேசினீங்களாமா, மாசி மாசத்துல. அவரும் அதேதானுங்க சொன்னாரு, காட்டுல..."

"தெரியுங்க. தெரியும். அவரை எதுலயும் கையெழுத்துப் போட வேண்டாம்னு சொல்லுங்க. நான் பேசறேன்."

"போன வாரமே போட்டுட்டாருங்களே. போட்டா வுட்டுருவோம்னு சொன்னாங்க, பயந்துக்கிட்டுப் போட்டுட்டாரு. அன்னிலேர்ந்து சரியாச் சாப்படறதில்லீங்க. வனத்துக்குத் தீ வெச்சவன்னு ஊருக்குள்ள பேராயிப்போச்சு. நீங்க அவிங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா... சந்தானம் மாமாவுக்குச் சொன்ன மாதிரியே சொன்னாப் போதுமுங்க."

சந்தானம் மாமாவுக்கு என்ன சொன்னோம் என்று இவளிடம் எப்படிச் சொல்வது? கையெழுத்துப் போட்டு ஒத்துக்கொண்ட மனிதருக்கு இடக்குறிப்பில் பிழை என்று எந்தக் கட்டத்தில் போடுவது? ஒரு புள்ளியைக் கிழக்கே தள்ளிவிட்டால் கையெழுத்தும் கூடவே தள்ளிப்போகுமா? சுபாஸ்ரீ நடைமேடையின் இரும்பு இருக்கையில் நனைந்த குடையோடு உட்கார்ந்தாள்.

"அம்மிணி, இருக்கறீங்களா?"

"இருக்கேன். உங்க சத்தம் விட்டு விட்டு வருது. எங்கேர்ந்து பேசறீங்க?"

"காட்டுலிருந்துதானுங்க," என்றாள் வசந்தி.

அந்தப் பக்கம் காற்று இரைந்தது. தூரத்தில் ஒரு ஆண்குரல் எருதுகளை அதட்டித் திருப்புவது கேட்டது, ஏர் ஓடிக்கொண்டிருந்தது. வசந்தி போனைச் சற்று விலக்கி, "ஏனுங்க, ஐதராபாத்து அம்மிணிதான், லைன்லயேதான் இருக்கறாங்க" என்று அந்த ஆளிடம் கூவினாள். எருதுகளின் மணிச்சத்தம் நின்றது. உழுத மண்ணில் யாரோ வேகமாக நடந்து போனை நோக்கி வருவது, ஒவ்வொரு அடியாக, சுபாஸ்ரீக்குக் கேட்டது.